கூழுக்கு மாவு கேட்கப் போனது

1

சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு என் வீட்டுக்காரருடைய நினைவு நாள். சட்டி காய்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய்க் கேழ்வரகு மாவு கேட்க வேண்டும். ஆறு வருஷமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை போலவே இருக்கிறது. காலையிலிருந்து நாலு தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுதச் சொன்னது கல்பனா. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் முனை வீட்டுப் போர்மேன் மகள். அங்கே அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு இனி வருஷா வருஷம் மலர் போடப் போகிறார்களாம். “வெளிநாட்டுல இருக்கீங்க பெரியம்மா. இந்தியா எவ்ளோ பெருசா வளந்துடுச்சு! பக்கத்து நாட்டுக்காரங்க எல்லாம் நம்மள எப்படிப் பாக்கறாங்கன்னு எழுதி அனுப்புங்க” என்று கடிதம்.

நான் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். அப்பா அம்மா குத்தம்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நாட்டைப் பற்றி நான் என்ன எழுதுவது? ஆனால் கல்பனா கேட்ட கேள்விக்குள் அவளுக்கே தெரியாமல் அவள் அம்மா இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காத்மாண்டு வெளிநாடு என்றால் ஊரில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். நான் கிளம்பின அன்றைக்குக் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் பெட்டியைத் தூக்கிவிட வந்த என் தம்பியே கேட்டான்: “அதுக்குப் பாஸ்போட்டே வாணாமே, அது இன்னாக்கா வெளிநாடு?” இங்கே இருப்பவர்களுடைய கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

2

என் வீட்டுக்காரர் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். டாங்கி ஓட்டுகிறவன் தலைக்கு மேல் ஒரு மூடி இருக்கும், அதை மாட்டுகிற செக்‌ஷன். யாராவது “இன்னா நைனா, எத்தினி பேரக் கொல்றதுக்கு இன்னிக்கு வண்டி உட்ட?” என்று கிண்டல் செய்தால் அவருக்குக் கோபம் வரும். “சுடறது வேற செக்‌ஷன். நான் மாட்டறது உள்ள கீறவன் எகிறிக் குதிச்சு வெளிய வர்ற கதவு. அது சிக்கிக்கிச்சுன்னா அவன் வெந்து பூடுவான், தெரிமா?” என்பார். வேலையை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ரிட்டயரான அன்றைக்கு ரோட்டோரம் மேடை கட்டி நிறுத்தியிருக்கிற பழைய டாங்கி முன்னால் மாலையோடு நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். அவருக்கென்று இருக்கிற ஒரே நல்ல போட்டோ அதுதான். ரேஷன் கார்டுக்கு எடுத்ததில் கண்ணை மூடியிருப்பார். ரிட்டயராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஓர் ஆடி மாதத்தில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குவார்ட்டர்ஸை முன்னாலேயே காலி செய்தாகிவிட்டது. கோவில்பதாகையில் வாடகை வீட்டில் நான் ஒண்டியாக இருந்தேன். என் ஒரே மகன் செல்வம் அப்போது காத்மாண்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். “வந்துடும்மா” என்றான். மூன்று நாள் ரயில், ஒரு நாள் மலையேறுகிற பஸ். வழியெல்லாம் வாந்தி.

இங்கே மாடியில் நாங்கள் நாலு பேர். செல்வம், அம்பத்தூரில் பெண்ணெடுத்த என் மருமகள் வசந்தா, பேத்தி மீனா, நான். கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள். அவரை எல்லாரும் சுபேதார் என்பார்கள். நம் நாட்டுப் பட்டாளத்தில் கூர்க்காப் படையில் இருந்து ரிட்டயரானவர், நம் நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். பட்டாளத்துச் சமையல்காரனிடம் கற்றுக்கொண்ட மூன்று தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும்: தண்ணி, சாம்பார், போடா. என்னைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பிக்கொண்டே “போடா” என்பார். யாரும் அவருக்கு அர்த்தம் சொல்லவில்லை.

அவர் மனைவியை எல்லாரும் ஆமா என்போம். இங்கே அம்மாவுக்கு அப்படிப் பெயர். வந்த புதிதில் நான் வீட்டுக்குள் யாருக்காவது “ஆமா, ஆமா” என்று பதில் சொன்னால் கீழேயிருந்து அந்த அம்மாள் “என்ன?” என்று குரல் கொடுப்பாள். பிறகு பழகிவிட்டது. என்னை தீதீ என்று கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் பாதி பாஷைதான் புரியும். அது போதுமாக இருந்தது. முற்றத்து வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முள்ளங்கி நறுக்குவாள், நான் அரிசியில் கல் பொறுக்குவேன். இனிமேல் அவர்கள் பேசினதை எனக்குப் புரிந்த மாதிரி நம் பாஷையில் எழுதுகிறேன்.

வந்த வாரமே அந்தப் போட்டோவைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். எனக்கு அது என் புருஷன். பின்னால் நிற்பது டாங்கி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரை பிறக்கிறதற்கு முன்னால் மண்ணெண்ணெய் நின்றது.

“ஏன்டா வரல?” என்று செல்வத்தைக் கேட்டேன்.

“ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சும்மா. புதுசு போடல. எல்லையில ரெண்டு வழி தவிர மத்ததெல்லாம் மூடிட்டாங்க.”

“யாரு மூடினது?”

“நம்மாளுங்கதான்.”

“இன்னாத்துக்கு?”

“இவங்க சீனாக்காரன்கிட்ட துப்பாக்கி வாங்கினாங்களாம். நம்ம ஊர் ஆளுங்க இங்க வேலை செய்யணும்னா பர்மிட் வாங்கணும்னு சட்டம் போட்டாங்களாம். அதெல்லாம் நம்ம கவர்மென்ட்டுக்குக் கோவம்.”

“அந்தப் பர்மிட்டு உனக்குத்தானேடா?”

அவனுக்குத்தான். அந்தப் பர்மிட்டுக்காக ஒவ்வொரு ஆபீசாக அலைந்துகொண்டிருந்தான். ஒரு மேசையில் போட்டோ மூன்று வேண்டும் என்பார்கள், அடுத்த மேசையில் நாலு என்பார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி: குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர், இவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆவணி வரை தவணை கொடுத்திருந்தார்கள். காகிதம் வராவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கட்டி எங்கே போவது? ஆவடியில் எங்களுக்கென்று ஒரு சுவர்கூட இல்லை.

செல்வம் காகிதத்தைச் சுபேதாரிடம் கொடுத்தான். “வைத்துவிட்டுப் போங்கள்” என்றார். ஒரு வாரம், ரெண்டு வாரம். காகிதம் மேலே வரவில்லை.

சாயங்காலத்தில் அவர் முற்றத்தில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். செல்வம் காகிதத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று போய்ப் பக்கத்தில் நிற்பான். நான் படிக்கட்டு மேலே நின்று காது கொடுப்பேன். ஒருநாள் அவர் விரல் விட்டு எண்ணினார்.

“வாத்தியாரே, கேளுங்க. பூட்டான் நல்ல பிள்ளை. நீங்க இருமினா தண்ணி கொண்டுவந்து குடுக்கும். மாலத்தீவு போன வருஷம் திருடன் வந்துட்டான்னு கத்துச்சு, ஓடிப்போய்க் காப்பாத்தினீங்க. வங்காளதேசம் பிறக்கறதுக்கு நீங்க பிரசவம் பாத்தீங்க, அதனாலேயே அது உங்க மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது. இலங்கைக்காரன் வான்னு கூப்பிட்டான், இப்ப போன்னு சொல்றான், போக மாட்டேங்கறீங்க. பாகிஸ்தானைக் கேக்கவே வேண்டாம். அப்புறம் நாங்க. இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் மலை. மலைக்குப் பின்னால இருக்கிறவனைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சோம். ஒரே ஒரு சிரிப்பு! அதுக்கு எங்க அடுப்பை அணைச்சுட்டீங்க.”

“நான் அணைக்கலீங்க சுபேதார்” என்றான் செல்வம்.

“நீங்க அணைக்கல. உங்க நாட்டுப் பென்ஷன்லதான் நான் சோறு வாங்கறேன். அதை வேக வைக்கத்தான் எண்ணெய் இல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்துக்கு வரவில்லை.

இலங்கை என்று அவர் சொன்னபோது நான் படிக்கட்டை விட்டு உள்ளே போய்விட்டேன். அங்கே நம் பட்டாளத்தாலும் நம் பாஷை பேசுகிறவர்களே செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுத என் படிப்பு பத்தாது.

மீனாவுக்கு அப்போது எட்டு வயது. சுபேதார் பேத்திகளோடு முற்றத்தில் சாக்பீஸில் கோடு போட்டு, எல்லை மூடுகிற விளையாட்டு விளையாடினாள். ஒருத்தி இந்தியா, கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் டின்னோடு கெஞ்ச வேண்டும். மீனா டின்னோடு நின்றாள். “நீதானேடி இந்தியா?” என்று கேட்டேன். “இல்ல பாட்டி, நான் எங்க நாட்டுப் பக்கம்” என்றாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது செல்வம் சுவரைப் பார்த்தான். “அம்மா, அந்தப் போட்டோவை எடுத்து வச்சுடலாம். காகிதம் வர்ற வரைக்கும்.” அவரை இறக்கி, என் பழைய பட்டுப்புடவையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

4

வைகாசியில் ஊரெல்லாம் விறகுப் புகை. டின்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் போட்டுவிட்டு ஜனங்கள் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆமாவும் அந்த வரிசையில் உட்கார்ந்தாள். முட்டி வீங்கி வெறும் டின்னோடு திரும்பி வருவாள்.

அப்போது செல்வத்துக்குத் தெரிந்த நம் ஊர் லாரிக்காரர் ஒருவர் எல்லையிலிருந்து ஒரு பெரிய டின் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். கட்டிலுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வசந்தா ஸ்டவ் பற்ற வைத்தாள். மண்ணெண்ணெய் வாசனை சாத்தின ஜன்னலுக்கு நிற்குமா? படிக்கட்டு வழியாக இறங்கிப் போயிற்று.

மறுநாள் முற்றத்தில் நான் உட்கார்ந்ததும் ஆமா முள்ளங்கியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் ஒரு பாட்டில் நிறைய மண்ணெண்ணெய் ஊற்றி, மீனாவிடம் கொடுத்து, “ஆமாகிட்ட குடுத்துட்டு வா” என்று அனுப்பினேன். பெரிய மனசு செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நிம்மதி. வசந்தா மட்டும் “அவங்க வாங்க மாட்டாங்க அத்தை” என்றாள். “சும்மா குடுத்தா யார்மா வாணாங்கறாங்க?” என்றேன்.

சாயங்காலம் பார்த்தால் பாட்டில் எங்கள் படிக்கட்டின் மேல்படியில் நிற்கிறது. ஒரு சொட்டு குறையவில்லை. மூடியை நான் திருகின மாதிரியே இருந்தது. பாட்டிலைத் துணியால் துடைத்துக்கூட வைத்திருந்தாள்.

அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வேலையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பார்க்கவில்லை. நானே செய்திருக்கிறேன்.

5

ஆவடியில் எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே அளவு, முனை வீட்டைத் தவிர. அது போர்மேனுக்கு. ஒரு ரூம் அதிகம், முன்னால் கொஞ்சம் தோட்டம். அங்கே குடிவந்தவள் கோயமுத்தூர்க்காரி ராஜாமணி. கல்பனாவின் அம்மா. வந்த வருஷம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஃபிரிட்ஜ் வந்தது, டிவி வந்தது, ஸ்கூட்டர் வந்தது. அவள் யாரையும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசினவள் இல்லை. இருந்தாலும் அந்த வீடு நாளுக்கு நாள் உசந்துகொண்டே போகிற மாதிரியும், நம் வீட்டுக் கூரை தாழ்ந்துகொண்டே வருகிற மாதிரியும் இருந்தது.

குவார்ட்டர்ஸில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, ஊர் சொல்லித்தான். ஆம்பூர்க்காரி சாயங்காலமானால் தலைவாரிக்கொண்டு போய் முனை வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ராஜாமணி சொன்னதற்கெல்லாம் சிரிப்பாள். மதுரைக்காரி அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடினாள். “அந்த டப்பாவுல இருந்து ஒரு காத்து வருதுடி, கண்ணு அவிஞ்சு போகும்” என்று வரிசை முழுக்கச் சொல்லி வந்தாள். தஞ்சாவூர்க்காரி கெட்டிக்காரி. அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபீசர் வீட்டம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அவர்களோடு காரில் அம்பத்தூருக்குத் துணி எடுக்கப் போய் வந்து, முனை வீட்டு வாசலில் நின்று மூட்டையைப் பிரித்துக் காட்டுவாள். ராஜாமணி முகம் சுண்டும். எங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நான் எதுவும் செய்யவில்லை. பார்த்தால் சிரிப்பேன், வாசலோடு சரி, உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன். காலேஜுக்குப் போகிற செல்வம் அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்ததற்கு முதுகில் நாலு வைத்தேன். ஒரு கத்திரி வெயிலில் ராஜாமணி ஒரு சொம்பு நிறைய ஐஸ்கட்டி கொடுத்தனுப்பினாள். என் வீட்டுக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டினார். “எடு புள்ள, கரையுது பாரு.” நான் சொம்பை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கரைந்த தண்ணியோடு.

“உனக்கு இன்னா புள்ள கோவம் அவங்க மேல? அவங்க உன்ன இன்னா சொன்னாங்க?” என்று கேட்டார்.

“ஒன்னியும் சொல்லல.”

“பின்ன?”

“ஒன்னியும் கேக்கவும் இல்ல.”

நான் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது.

அடுத்த ஆடியில் கல்பனாவுக்கு அம்மை போட்டிருந்தது. கொஞ்சம் கடுமைதான். ஒருநாள் காலையில் ராஜாமணி என் வாசலில் நிற்கிறாள். தலை வாரவில்லை, கண் சிவந்திருக்கிறது.

“ஏனுங்க்கா, ஒரு ஒத்தாசை வேணுமுங்க. புள்ளைக்கு அம்மை எறங்கினா அம்மனுக்குக் கூழு ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டனுங்க. எறங்கிருச்சுங்க. ஆனா எங்கூர்ல இந்த மாதிரி காச்ச மாட்டாங்க. எனக்குத் தெரியலைங்க. நீங்கதான் இந்தப் பக்கத்து ஆளுன்னு சொன்னாங்க. வந்து காச்சிக் குடுப்பீங்களா?”

“கேவுரு மாவு நேத்தே கரைச்சு வெச்சிருக்கணுமே” என்றேன். அவள் முகம் விழுந்தது. “சரி, இன்னிக்குக் கரைச்சா நாளைக்குக் காச்சலாம். நொய்யி கீதா? சின்ன வெங்காயம்?”

மறுநாள் அவள் வீட்டுத் தோட்டத்தில் மூன்று கல் கூட்டி, அண்டா வைத்து, துடுப்புப் போட்டு நான் கிண்டினேன். போர்மேன் வீட்டம்மாவை “ஊதும்மா, வெறகத் தள்ளும்மா, கருவாட்டக் கழுவும்மா” என்று விரட்டினேன். புகையில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடி ஓடிச் செய்தாள். வேலை முடிந்து நான் அவள் வீட்டுக்குள் நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறக்கச் சொல்லி ஐஸ் தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேன். அதற்கப்புறம் செல்வம் உள்ளே உட்கார்ந்து டிவி பார்த்தான்.

அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் வந்தது. எந்த வீடு எந்த நாடு என்று பொருத்திப் பார்க்க எனக்குத் தெரியாது. ஆனால் சுபேதார் விரல் விட்டு எண்ணின கணக்கு எனக்குப் பழக்கமான கணக்கு. ஒன்றுதான் மாறியிருந்தது. இந்த ஊரில் முனை வீட்டுக்காரி நான். அது தெரியாமல் ஐஸ்கட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

6

ஆடி வந்தது. தவணைக்கு ஒரு மாதம்கூட இல்லை. சுபேதாரிடமிருந்து காகிதம் வரவில்லை. வசந்தா பாத்திரங்களைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நினைவு நாளுக்கு முந்தின காலை நான் ஒரு காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

முற்றத்து ஓரத்தில் தகரக் கொட்டகையில் ஆமா ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சட்டியை நீட்டினேன்.

“என்ன?”

“கோதோ மாவு வேணும்.” கேழ்வரகுக்கு இங்கே அதுதான் பெயர்.

“கடையில இல்லையா?”

“என்கிட்ட இல்ல. உங்க அடுப்பும் வேணும், நாளைக்கு.”

“உன் அடுப்புலதான் எண்ணெய் இருக்கே.”

“இருக்கு. அதுல காய்ச்சினா அவர் சாப்பிட மாட்டார். வெறகு அடுப்புல காய்ச்சினாதான் பிடிக்கும்.”

“யாருக்கு?”

“என் வீட்டுக்காரருக்கு.”

“அவர்தான் செத்துப்போயிட்டாரே!”

“நாளைக்கு வருவார்.”

ஆமா என்னையே பார்த்தாள். பிறகு ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். புகையில் கண்ணீர் வந்ததா, சிரித்து வந்ததா தெரியவில்லை. சட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் அடுப்பில் நான் கிண்டினேன். அவர்களும் அதே மாவில் களி மாதிரி கெட்டியாகக் கிண்டிச் சாப்பிடுகிறவர்கள். அதனால் அவளுக்கு என் கூழைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “இப்படித் தண்ணியா விட்டா இது என்ன, மாட்டுக்கா?” என்றாள். “உங்க மாதிரி கிண்டினா செவுத்துக்குப் பூசலாம்” என்றேன். அவ்வளவு நீளமாக நான் அந்தப் பாஷையில் பேசினது அன்றைக்குத்தான். இங்கே சந்தையில் சித்ரா என்று ஒரு பொடிக் கருவாடு விற்கிறது. அதை அவளே கொண்டுவந்து வறுத்தாள்.

அடுப்பை விட்டு எழுந்திருக்கும்போது அடுத்ததைக் கேட்டேன். “எங்க பக்கத்துல வயசான ஆம்பள ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டப்புறம்தான் வீட்டாளுங்க சாப்பிடணும். எனக்கு இங்க யாரும் இல்ல. சுபேதாரை மேல வரச் சொல்லுவீங்களா?”

அவர் சித்திரைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மேலே வந்தார். நினைவு நாளுக்குப் படம் இல்லாமல் எப்படிப் படைப்பது? நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையைப் பிரித்தபோது செல்வம் என் கையைப் பிடித்தான். “அம்மா, வேணாம்மா” என்று தமிழில் முணுமுணுத்தான். வைத்தேன். பொட்டு வைத்தேன். முன்னால் சால மர இலையில் தைத்த தட்டில் கூழும் கருவாடும் வெங்காயமும்.

சுபேதார் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். என் புருஷனைப் பார்க்கவில்லை, பின்னால் இருப்பதைப் பார்த்தார்.

“இவர் இதைப் பண்ணினாரா?” என்று கேட்டார்.

“அவர் மூடி பண்ணினார்” என்றேன். உள்ளே இருக்கிறவன் வெளியே குதிக்கிற கதவு என்று கையால் காட்டினேன்.

“நாங்க இதுக்குப் பின்னால நடந்து தூசி தின்னவங்க. எங்களுக்கு ஏது கதவு?” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “இது எங்க தெருவுக்கு வந்தா நீ என்ன பண்ணுவே, தீதீ?”

அந்தக் கேள்விக்கு எனக்கு அவர் பாஷையில் பதில் இல்லை. நம் பாஷையில்தான் வந்தது. “நான் இன்னா பண்ணுவேன், இந்த மாடிலதான் உக்காந்துகினு இருப்பேன். எனக்கு வேற ஊடு எங்க கீது?”

அவர் மீனாவைப் பார்த்தார். மீனா அவர்கள் பாஷையில் சொன்னாள்: “இதுதான் எங்க வீடுன்னு பாட்டி சொல்றாங்க.”

நான் அப்படிச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். திருத்தவும் இல்லை.

சுபேதார் கூழைக் குடித்தார். “தண்ணி” என்று தமிழில் சொன்னார். செம்பை நீட்டினேன். தண்ணீர் கேட்கவில்லையாம், கூழ் தண்ணியாக இருக்கிறதாம். இருந்தாலும் இன்னொரு தரம் ஊற்றச் சொன்னார். எழுந்து கைகூப்பிப் படத்தைப் பார்த்து “போடா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “போச்சு” என்றான் செல்வம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆமா மேலே வந்தாள். கையில் ஒரு பாட்டில். நான் அனுப்பின பாட்டில் இல்லை, பச்சை நிறத்தில் அவளுடையது. வாசலிலேயே நின்றாள்.

“லாந்தருக்குக் கொஞ்சம் எண்ணெய் இல்ல. இருந்தா குடு.”

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை எல்லார் முன்னாலும் இழுத்தேன். ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது. “பாத்து ஊத்து, விலை உனக்குத் தெரியுமா?” என்று அதட்டினாள். பாதி நிறைந்ததும் போதும் என்று கையைக் காட்டினாள். பிறகு இடுப்புத் துணியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து ஸ்டவ் மேல் வைத்தாள். கீழே சுபேதாரின் கையெழுத்து.

7

அடுத்த வருஷம் வழிகளைத் திறந்தார்கள். மண்ணெண்ணெய் வந்தது. செல்வத்துக்குப் பர்மிட் ஒரு வருஷத்துக்குத்தான் கிடைத்தது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், வருஷா வருஷம் சுபேதார் கையெழுத்து வேண்டும். இந்த வருஷத்துக் காகிதமும் கீழேதான் இருக்கிறது.

கல்பனா, நீ கேட்டாய் அல்லவா, பக்கத்து நாட்டுக்காரர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று. நாங்கள் உங்கள் முனை வீட்டை எப்படிப் பார்த்தோமோ அப்படித்தான். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் ஜன்னலை அடைக்கிறார்கள், சிலர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய வீட்டோடு சேர்ந்துகொள்கிறார்கள், சிலர் என்னை மாதிரி வாசலோடு நிற்கிறார்கள். உன் அம்மாவிடம் இதைச் சொல். அன்றைக்குத் தலை வாராமல் என் வாசலில் நின்றாளே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

இதை எழுதிவிட்டால் மனசு அமைதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மீனாவுக்குப் பதினாலு வயசாகிறது. இந்த நாட்டுக் குடிமகளாக எழுதிக்கொடுத்துவிடலாமா என்று அப்பாவைக் கேட்கிறாள். செல்வம் அம்பத்தூரில் மனை பார்க்கச் சொல்லி மாமனாருக்குக் கடிதம் போடுகிறான். ரெண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். என் டிரங்குப் பெட்டியை நான் இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை, முழுசாகக் கட்டவும் இல்லை. போட்டோ மட்டும் திரும்ப ஆணிக்கு வந்துவிட்டது.

கோதோ மாவு இப்போது முக்குக் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. வசந்தா இரண்டு நாளைக்கு முன்னால் வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள். அதை எடுத்துத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

சட்டி காய்ந்துவிட்டது. கீழே ஆமா இருமுகிறாள், ரெண்டு தடவை. நான் இன்னும் வரவில்லையே என்று இருமுகிறாளோ என்னவோ. போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.